கேசட் வீட்டுக்கு, கடிதம் உமாவுக்கு

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நானே சொன்னால் தற்பெருமை என்று நினைக்காதீர்கள். பேராவூரணியில் படித்தபோது பள்ளிக்கூட வாசல் பலகையில் தினமும் ஒரு பொன்மொழி எழுதும் வேலை மூன்று வருடம் என்னிடம்தான் இருந்தது. படிப்புதான் ஏறவில்லை, எழுத்து ஏறியது. ஷார்ஜாவுக்குக் கம்பி கட்டும் வேலைக்கு வந்த பிறகும் கேம்ப்பில் பாதிப் பேருக்குக் கவரில் முகவரி எழுதிக் கொடுத்தவன் இந்த அன்பரசன்தான். தொண்ணூற்றாறாம் வருடம் மாசி மாதத்தோடு அந்தச் சேவை நின்றுபோனது.

கம்பி வெட்டும் மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். கம்பி நழுவியது, நான் பிடிக்கப் போனேன். நழுவினால் விட்டுவிட வேண்டும், பிடிக்கப் போகக் கூடாது என்று புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் சொல்லிக் கொடுத்தவனே நான். ஊருக்குத்தான் உபதேசம். வலது கையை மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடை விட்டு எடுத்துவிட்டார்கள்.

கம்பெனி என்னை ஊருக்கு அனுப்பவில்லை, நானும் போகக் கேட்கவில்லை. ஸ்டோர் யார்டில் வாட்ச்மேனாகப் போட்டார்கள். கேம்ப்பிலிருந்து பத்து நிமிட நடை. சுற்றிலும் தகரத் தடுப்பு, உள்ளே சாரக் குழாய்களும் பலகைகளும் மலை மலையாக, ஓரத்தில் எனக்கு ஒரு மரக் கேபின். காலையில் லாரி வந்து சாமான் ஏற்றிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் அடுத்த மனித முகம். பேச ஆள் இல்லாத இடத்தில் பகல் எவ்வளவு நீளம் என்று அங்கே உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். கேம்ப்பிலும் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகே மெஸ்ஸுக்குப் போவேன். இடது கையால் சோற்றைப் பிசைவதை யாரும் பார்க்க வேண்டாம் என்று.

ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சொல்லவில்லை, தம்பிக்குச் சொல்லவில்லை. உமாவுக்குச் சொல்லவே இல்லை.

உமாராணி என் மனைவி. ஒரத்தநாட்டுப் பெண். விபத்துக்கு முந்தின வருடம் வைகாசியில் கல்யாணம், ஐம்பத்திரண்டு நாள் லீவு, அதற்குப் பிறகு விமானம். அந்த ஐம்பத்திரண்டு நாளில் நாங்கள் தனியாகப் பேசியது ஒரு முழு நாள்கூட வராது. ஒரே கூடம், வீடு நிறைய விருந்தாளிகள், அறைக்கதவு சாத்தினால் போதும், அடுத்த நிமிடம் யாராவது ஒரு சின்னம்மா பாத்திரம் தேடிக்கொண்டு வந்துவிடுவாள். கல்யாணம்தான் ஊரில் நடந்தது. காதல் கடிதத்தில்தான் நடந்தது.

‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பித்து, மூன்று பக்கம் ஊர் நியாயம் பேசி, நாலாம் பக்கத்தில் மெல்ல விஷயத்துக்கு வருவேன். அவள் எட்டுப் பக்கம் எழுதுவாள். எனக்கு மீன் முள் எடுக்கத் தெரியவில்லை என்று கல்யாணத்துக்கு மறுநாளே கண்டுபிடித்ததை நாலு மாதம் கழித்து எழுதினாள். நேரில் பத்து வருடம் குடும்பம் நடத்தினாலும் இதெல்லாம் வெளியே வந்திருக்குமா தெரியாது. ஒரு கடிதத்தில், ‘உங்கள் எழுத்தைப் பார்த்தால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது’ என்று எழுதியிருந்தாள். அந்த வரிதான் பின்னால் என் கழுத்தை அறுத்தது. அந்த எழுத்தை எழுதிய கையே போய்விட்டதே, இனி என்ன இருக்கிறது இவளுக்கு என்னிடம்?

பயந்துவிட்டேன், வேறொன்றும் இல்லை. இருபத்திரண்டு வயதுப் பெண். கையில்லாத கணவனை விட்டுப் போனாலும் போவாள் என்று பயம். பாவம் பார்த்து இருந்துவிட்டாலோ, அது அதைவிடப் பெரிய பயம்.

கேம்ப் வாசலில் மளிகைக் கடை வைத்திருந்த ஈசா, அதிராம்பட்டினத்துக்காரன். ஆஸ்பத்திரியில் எனக்குக் கஞ்சி ஊட்டியவன் அவன்தான். அவன் ஒரு நாள் பேனாவும் பேப்பருமாக யார்டுக்கே வந்து உட்கார்ந்தான்.

“நீ சொல்லு மாப்ள, நான் எழுதுறேன். என்னா எழுதணுமோ தாராளமா சொல்லு.”

“ஒன் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்குமே.”

“இருந்தா என்னா? சேதி போவும்ல?”

“அவளுக்கு என் எழுத்து தெரியும். வேற எழுத்துல போனா ஒடனே கேப்பா. அதோட, நாலாம் பக்கத்தை ஒங்கிட்ட எப்புடிறா சொல்றது?”

ஈசா சிரித்துக்கொண்டே பேனாவை மூடினான். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது, கேசட்டில் பேசி அனுப்பினால் என்ன? எழுத்தைக் காட்ட வேண்டியதில்லை, குரல் கேட்கும், குரலுக்குக் கை தேவையில்லை. இந்த யோசனைக்காக என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன், இடது கையால்.

வெள்ளிக்கிழமை ரோலா கடைத்தெருவுக்குப் போய் வெற்றுக் கேசட் நாலு வாங்கி வந்தேன். கேபினில் டேப் ரெக்கார்டரை வைத்து, சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டுப் பேசினேன். பேசுகிறவர்கள் எல்லோரும் பேசுகிற மாதிரிதான். “அம்மா, நான் அன்பரசன் பேசுறேன், நல்லா இருக்கேன்” என்று ஆரம்பித்து, சித்தப்பாவைக் கேட்டு, மாடு கன்று போட்டதா என்று கேட்டு, தெருவில் ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லி விசாரித்து முடிக்கும்போது ஒரு பக்கம் தீர்ந்துவிட்டது. யாராவது விட்டுப்போனால் ‘துபாய்க்குப் போனதும் தலைக்கனம்’ என்பார்களே. கடைசியில், “உமா, நல்லா இருக்கியா? ஒடம்பப் பாத்துக்க” என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது அதற்கு மேல் என்ன சொல்வது?

ஊருக்குப் போகிறவர்களிடம், என் கையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று கெஞ்சிவிட்டு, சித்திரையில் ஒன்று, ஆனியில் ஒன்று கொடுத்தனுப்பினேன். உமாவிடமிருந்து எட்டுப் பக்கம் வந்தது. பிறகு நாலு பக்கம் வந்தது. ‘ஏன் எழுதுவதில்லை?’ என்று கேட்டிருந்தாள். “வேலை ஜாஸ்தி உமா, எழுத நேரமே இல்ல” என்று இரண்டாவது கேசட்டில் பதில் சொன்னேன். ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கேபினிலிருந்து சொன்னேன். அடுத்து வந்தது அரைப் பக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட சாமர்த்தியத்தில் இருந்த எனக்கு, சோறு குறைந்துகொண்டே வருவது உறைக்கவில்லை. வேலை அதிகம் என்றதைப் புரிந்துகொண்டாள், கெட்டிக்காரி என்றே நினைத்தேன்.

ஆவணியில் ஈசா லீவில் கிளம்பினான். மூன்றாவது கேசட்டை அவனிடம் கொடுத்தேன். அதிராம்பட்டினத்திலிருந்து எங்கள் ஊர் ஒரு பஸ் தூரம். அவனே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னான்.

“கையப் பத்தி மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு.”

“இது தப்பு மாப்ள.”

“சத்தியம் பண்ணு.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சத்தியம் செய்தான். அவன் போன ஐம்பது நாளும் நான் ஒருவரிடமும் பேசவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கடையில் மாற்றாள் இருந்தான், மலையாளி, நல்லவன், ஆனால் அவனுக்கு என்னைத் தெரியாது. சாயங்காலம் யார்டைப் பூட்டும்போது சங்கிலியை ஒரு கையால் சுற்றிப் பூட்டு மாட்டப் பழகியிருந்தேன். அதைப் பார்த்து ‘பரவாயில்லையே’ என்று சொல்லக்கூட ஒரு ஆள் இல்லை.

ஐப்பசியில் ஈசா திரும்பி வந்தான். வந்த அன்றே மத்தியானம் யார்டுக்கு வந்தான். முறுக்கு, அதிரசம், ஊறுகாய் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தான். ஆனால் உட்காரவில்லை.

“ஒன் கேசட்ட எங்க வச்சிக் கேட்டாங்க தெரியுமா?”

“கூடத்துல.”

“வாசல்ல. பெஞ்சு போட்டு. இருவது பேரு. ஒவ்வொருத்தரு பேரு வர்றப்பயும் ஒரே சிரிப்பு, கும்மாளம். அந்தப் புள்ள உள்ள நெலைப்படிகிட்ட நின்னுச்சு. கடைசி வரைக்கும் நின்னுச்சு. நீ என்னா சொன்ன? ‘ஒடம்பப் பாத்துக்க’. அது பேரு வந்து முடியறதுக்குள்ள ஒங்கம்மா கேசட்டத் திருப்பிப் போட்டுட்டாங்க, முதல்லேருந்து கேக்கணும்னு.”

நான் முறுக்குப் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

“கெளம்புறப்ப தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு மெதுவாக் கேட்டுச்சு. ‘அண்ணே, லெட்டர் எதும் குடுத்து விடலையா’ன்னு. இல்லம்மான்னேன். ‘என்கிட்ட தனியா எதும் சொல்லச் சொன்னாகளா’ன்னு கேட்டுச்சு. அதுக்கும் இல்லன்னேன். அந்த மொகத்த நீ பாத்திருக்கணும் மாப்ள. நீ சத்தியம் வாங்கலன்னா அங்கயே போட்டு ஒடச்சிருப்பேன்.” சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தான். “மறுவாரம் அதிராம்பட்டினத்துக்கே ஒன் தம்பியக் கூட்டிக்கிட்டு வந்து குடுத்துட்டுப் போச்சு.”

உமாவின் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை.

‘அன்புள்ள மாமாவுக்கு, கேசட் வீட்டுக்கு, கடிதம் மனைவிக்கு என்பதுதான் நம் பக்கத்து வழக்கம். மாசியிலிருந்து எனக்குக் கடிதம் இல்லை, கேசட் மட்டும் வருகிறது. அத்தை முன்னால் சொல்ல முடியாதது என்று என்னிடம் சொல்ல உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். யாரையாவது பிடித்திருந்தால் அதையும் சொல்லியிருக்கலாம். நான் சண்டை போடுகிறவள் இல்லை. அம்மா வீட்டுக்குப் போகிறேன். தை பிறந்ததும் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம். உமாராணி.’

எங்கள் பக்கத்தில் இது குழந்தைக்குக்கூடத் தெரியும். கேசட் ஊருக்குப் பொது, கடிதம் பெண்டாட்டிக்குச் சொந்தம். கடிதம் நின்று கேசட் மட்டும் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெருவில் கேட்டால் சொல்வார்கள். நான்தான் குரலை அனுப்பிவிட்டதாக மார்தட்டிக்கொண்டிருந்தேன். அவளை விட்டுவிடக் கூடாது என்று மறைத்தேன், மறைத்தே அவளை அனுப்பிவிட்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“நான் எழுதவா?” என்றான் ஈசா.

“வேணாம். நானே எழுதுறேன்.”

மூன்று நாள் ஆனது. பேப்பரைப் பிடிக்க இன்னொரு கை இல்லாததால் அது மேசையில் வழுக்கிக்கொண்டே ஓடியது. கடைசியில் சாரக் குழாய்களை இணைக்கிற இரும்புக் கிளாம்ப் இரண்டை மேலும் கீழும் பாரமாக வைத்தேன். ‘உ’ எழுதவே அரை நாள். ‘மா’வின் கால் எங்கோ போய் நின்றது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இதைவிட நன்றாக எழுதும். பலகையில் பொன்மொழி எழுதிய பையன் பார்த்தால் சிரிப்பான். கண்ணில் தண்ணீர் வந்து பேப்பர் ஊறி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

‘உமா, என் வலது கை இல்லை. மாசியில் மெஷினில் போய்விட்டது. அதனால்தான் கடிதம் இல்லை. வேறு யாரும் இல்லை. இது இடது கை. போகாதே.’

அந்தக் கடைசிச் சொல்லை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடித்தால் அதைவிட அசிங்கமாகத் தெரியும். அப்படியே ஒரத்தநாட்டு முகவரிக்கு அனுப்பிவிட்டேன்.

பதில் இருபத்து மூன்று நாள் கழித்து வந்தது. கம்பெனித் தபால்களோடு டைம் கீப்பர் கொண்டுவந்து கொடுத்தபோது பிரிக்கத் துணிவில்லாமல் லாரி ஏற்றி முடியும் வரை வைத்திருந்தேன். லாரிகள் போன பிறகு பல்லால் கவரைக் கிழித்தேன்.

‘மாமா, உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. துக்கத்தில் இல்லை, கோபத்தில். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊருக்குச் சொல்லாமல் இருக்கலாம், வீட்டுக்குச் சொல்லாமல் இருப்பார்களா? அந்தக் கை உங்களுக்கு மட்டும் சொந்தமா? தாலி கட்டினது அந்தக் கை. எனக்கு எழுதினது அந்தக் கை. அது போய் எட்டு மாதம் நான் பொட்டும் பூவுமாகத் திருவிழாவுக்குப் போயிருக்கிறேன். நீங்கள் மட்டும் தனியாக அழுதிருக்கிறீர்கள். என்னையும் அழவிட்டிருக்க வேண்டாமா? நீங்கள் முடமானதற்கு நான் உங்களை விடுவேன் என்று நினைத்தீர்களே, அதை எப்படி மறப்பது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கையை என்ன செய்தார்கள்? எங்கே போட்டார்கள்? அதை எனக்குச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.’

நான் எழுந்து நின்றுவிட்டேன். எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். வலிக்கிறதா, எப்படி ஆயிற்று, கம்பெனி என்ன சொல்கிறது. இதை ஒருவர் கேட்கவில்லை. நானே கேட்கவில்லை. மயக்கம் தெளிந்தபோது கட்டு இருந்தது, கை இல்லை, அவ்வளவுதான். எங்கே போனது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

யார்டைப் பூட்டிவிட்டு ஈசாவின் கடைக்குப் போனேன். டியூட்டி நேரத்தில் பூட்டியது அதுதான் முதல் தடவை. அவன் வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“ஈசா, என் கைய என்னாடா பண்ணாங்க?”

அவன் கை நின்றது. கடையில் நின்ற ஒரு பாகிஸ்தானியைப் “பாய், பாத் மே ஆவோ” என்று அனுப்பிவிட்டு, பாதிக் கதவைச் சாத்தினான்.

“இப்பத்தான் கேக்குற.”

“ஒனக்குத் தெரியுமா?”

“நான்தானே பொதச்சேன்.”

நான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்க்காமல் வெங்காயச் சருகை ஒதுக்கிக்கொண்டே சொன்னான்.

“ஆஸ்பத்திரியில ஒரு பேப்பர் நீட்டுனாங்க. சொந்தக்காரங்க எடுத்துப் பொதைக்கிறதுன்னா கையெழுத்துப் போடு, இல்லன்னா நாங்க பாத்துக்கிறோம்னாங்க. நாங்க பாத்துக்கிறோம்னா எப்புடியோ என்னமோ. மனசு கேக்கல. எங்கள்ல அறுத்து எடுத்த கையக்கூடச் சுத்தமாத் துணியில சுத்தி மண்ணுக்குக் குடுத்துரணும். ஒங்கள்ல என்னா மொறைன்னு எனக்குத் தெரியல, நீ மயக்கத்துல கெடந்த. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். கபர்ஸ்தான்ல குழி வெட்டுற பட்டான் ஒருத்தரு இருக்காரு. யாரோட கைன்னு கேட்டாரு. என் தம்பியோடதுன்னு சொன்னேன். அவரு சுவரோரமா தோண்டிக் குடுத்தாரு.”

“ஏன்டா சொல்லல?”

“நீ கேக்கல. கேக்காதவன்கிட்ட எப்புடி மாப்ள அதப் போயி சொல்றது?”

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து அவனே டாக்சி பிடித்தான். ஊருக்கு வெளியே, நீளமான மதில், உள்ளே வரிசை வரிசையாக மண்மேடுகள், பேர் எழுதாத கற்கள். தென்கோடிச் சுவரோரம் காய்ந்த முட்செடி ஒன்றின் பக்கத்தில் ஈசா நின்றான். மேடுகூட இல்லை. காற்று எல்லாவற்றையும் சமமாக்கியிருந்தது. அடையாளத்துக்கு அன்றைக்கே ஒரு உடைந்த ஓட்டுச் சில்லு நட்டு வைத்திருந்தான்.

“என்னா ஓதுன?” என்று கேட்டேன்.

“உசுரோட இருக்கிறவன் கைக்குத் தொழுகை கெடையாது. சும்மா நின்னு, நீ நல்லாவணும்னு துவா செஞ்சேன்.”

அவன் கொஞ்சம் தள்ளிப் போய் மதிலைப் பார்த்து நின்றுகொண்டான். நான் குந்தி உட்கார்ந்து இடது கையை அந்த மண்மேல் வைத்தேன். சுட்டது. ஒன்பது மாதம் அடக்கி வைத்திருந்தது அங்கேதான் வெளியே வந்தது. உமா பக்கத்தில் இருந்து அழ வேண்டிய அழுகையில் பாதியையும் சேர்த்து நானே அழுதேன். ஊரில் இருந்திருந்தால் அவள் தோளாவது இருந்திருக்கும். அங்கே முட்செடிதான் இருந்தது.

திரும்பி வந்து எல்லாவற்றையும் எழுதினேன். சுவர், முட்செடி, ஓட்டுச் சில்லு, பட்டான், ‘என் தம்பி’ என்று ஈசா சொன்னது. ஐந்து நாள் எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டுதான் போனது. ஆனால் நாலு பக்கம் வந்துவிட்டது. பொய் எதுவும் இல்லாததால் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நாலாம் பக்கத்தில், நான் உன்னை நம்பாதது கை போனதைவிடப் பெரிய முடம் என்று எழுதினேன். மன்னித்துவிடு என்று எழுதவில்லை. கேட்கிற தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

மார்கழி முழுவதும் பதில் இல்லை. டைம் கீப்பர் தபால் கட்டோடு யார்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தகரக் கதவில் போய் நிற்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். தை பிறந்தது. பெரியவர்களை வைத்துப் பேசுவதாகச் சொன்ன தை. கேம்ப்பில் பொங்கல் என்று யாரோ பாயசம் கொடுத்தார்கள். வாங்கி வைத்தேன், குடிக்கவில்லை. ஈசாகூட அந்தப் பேச்சை எடுக்காமல் கடையில் எனக்கு டீயைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

தை ஒன்பதாம் தேதி மத்தியானம் கடிதம் வந்தது. உள்ளே ஒரு தாள், அதில் பாதிதான் எழுதியிருந்தது.

‘மாமா, அத்தைக்கு நானே சொன்னேன். மாசி பிறந்தால் கைக்கு ஒரு வருடம். கைக்கு மட்டும் திதி கொடுக்கிற வழக்கம் இல்லையாம், ஐயர் சிரித்தார். அதனால் அன்றைக்கு நாலு பேருக்குச் சோறு போடப் போகிறேன். ஈசா அண்ணன் வீட்டுக்கும் அழைப்பு சொல்லியிருக்கிறேன். கோபம் இன்னும் தீரவில்லை. எதிரில் ஆள் இல்லாமல் எவ்வளவு நாள் கோபப்படுவது? கை அங்கேயே இருக்கட்டும், அண்ணன் நல்லபடியாக வைத்திருக்கிறார். மீதியை எனக்குக் கொண்டுவந்து கொடுங்கள்.’